நனைக்காத தண்ணீர்

ஒரு விடுகதை. கையில் அள்ளலாம், கை ஈரமாகாது. வாய் நிறையக் குடிக்கலாம், தாகம் அடங்காது. அடுப்பில் வைத்துக் கொதிக்க விடலாம், அதில் போட்ட அரிசி வேகாது. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

கானல் நீர் என்று சொல்லத் தோன்றும், ஆனால் கானலை அள்ள முடியாது. கடல் நீர் என்று சொல்லத் தோன்றும், ஆனால் கடல் நீர் கையை நனைக்கும், அரிசியையும் வேகவைக்கும். நீங்கள் யோசித்துக்கொண்டே இருக்கலாம். கல்மறிச்சான் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பால்வாடிப் பிள்ளைகூட யோசிக்காமல் விடை சொல்லும்: தவசிக்கண்ணு வீட்டுக் குழாய்த் தண்ணீர்.

தவசிக்கண்ணு அந்தப் பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிறவர். இடுப்பு உயர இரும்புச் சாவி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும் முன்னே புறப்பட்டு, தெருத்தெருவாகப் போய், தரைக்குள் இருக்கும் வால்வுகளைத் திருகித் திறந்து, ஒரு தெருவின் குடங்கள் நிறைந்ததும் அதை மூடி அடுத்த தெருவைத் திறந்து, இப்படியே பதினாறு வருடம் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவர். அந்த வருடம் தை மாதத்தில் வீட்டுக்கு வீடு நீல மூடி போட்ட மீட்டர் ஒன்றைப் பொருத்தினார்கள். இனிமேல் செலவழிக்கிற தண்ணீருக்கு மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும் என்று தாளில் அச்சடித்துக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார்கள்.

ஊர் கடையடைத்தது. காலிக் குடங்களை நெடுஞ்சாலையில் அடுக்கிப் பேருந்துகளை நிறுத்தியது. திங்கள்கிழமை தோறும் வேன் பிடித்துப் போய் மனு கொடுத்தது. கொடுத்த மனுக்களுக்கு ரசீது கிடைத்ததே தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. அப்போது போராட்டக் குழுவின் தலைவி லூர்தம்மாள், இட்லிக் கடை வைத்திருப்பவர், தவசிக்கண்ணுவுக்கு அடுத்த வீட்டுக்காரர், சொன்னார்: "கவர்மெண்டுகிட்டப் பேசினது போதும். இனி நம்மகிட்ட நாம பேசுவோம். சத்தியம் பண்ணுவோம்."

அந்த ஊரில் வீடு என்றால் சுவர் அல்ல, உலை. ஒரே கூரைக்குக் கீழே அண்ணனும் தம்பியும் தனித்தனியாகச் சமைத்தால் அது இரண்டு வீடு. ஒரே உலையில் உண்கிறவர்கள் எங்கே படுத்தாலும் ஒரே வீடு. கோயில் வரியும் அப்படித்தான், பள்ளிவாசல் கஞ்சிக்கு அரிசி தருவதும் அப்படித்தான், மாதா கோயில் சப்பரத்துக்குத் தோள் கொடுப்பதும் அப்படித்தான். ஆகவே உலைக்கு ஒரு செம்பு தண்ணீர் என்று நானூற்றுச் சொச்சம் செம்புகள் சந்தைத் திடலுக்கு வந்தன. கல்யாணச் சமையலுக்கு எடுக்கிற பெரிய அண்டாவில் ஒவ்வொருவரும் தங்கள் செம்பைக் கவிழ்த்து, தண்ணீருக்குள் கை வைத்து, "தண்ணிக்குக் காசு கட்டுற வீட்டைத் தண்ணி நனைக்காமப் போகட்டும்" என்று சொன்னார்கள். பிறகு அதே அண்டாவிலிருந்து ஒரு செம்பு முகந்துகொண்டு போய்த் தங்கள் வீட்டுத் தொட்டியில் ஊற்றினார்கள். முதல் செம்பைக் கவிழ்த்தவர் தவசிக்கண்ணு. ஊர் அவருக்குத்தான் அந்த மரியாதையைக் கொடுத்தது. 'மனமறிந்து கட்டுகிற' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

மாதம் முடிந்து முதல் தேதி காலையில் தவசிக்கண்ணுவின் மனைவி மாடத்தி வாசல் தெளித்தபோது, வாளியிலிருந்து விழுந்த தண்ணீர் மண்ணில் இறங்காமல் சேப்பங்கிழங்கு இலையில் உருள்வதைப் போல உருண்டு, திரண்டு, சாக்கடைக்குள் போய் விழுந்தது. மண் வெளுத்தபடியே கிடந்தது. புழுதி அதிகம் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு வாளி ஊற்றினாள், அதுவும் உருண்டது. உலையில் போட்ட அரிசி கொதிக்கிற தண்ணீரில் ஒரு மணி நேரம் கூழாங்கல் போலக் கலகலத்துவிட்டுப் போட்டபடியே வெளியே வந்தது. ரேஷன் கடைக்காரனைத் திட்டினாள். எட்டு வயது மகள் செவந்தி முகம் கழுவிவிட்டுத் துண்டைத் தேடவில்லை, தேவைப்படவில்லை. மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "அம்மா, தண்ணி உள்ள போகுது, ஆனா குடிச்ச மாதிரி இல்ல" என்றாள்.

தவசிக்கண்ணு சட்டைப் பையிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தார். கீழிருந்து இரண்டாவது வரியில் 'குடிநீர்க் கட்டணம்' என்று இருந்தது. பிடித்தம் செய்திருந்தார்கள்.

அலுவலகத்துக்கு ஓடினார். "இங்க வேலை பார்க்கிற உள்ளூர்க்காரர் நீங்க ஒருத்தர், நீங்களே கட்டலைன்னா ஊர்க்காரங்க எப்படிக் கட்டுவாங்க?" என்றார் செயல் அலுவலர். "உங்களுக்கு அலைச்சல் மிச்சம்னு நாங்களே பிடிச்சுக்கிட்டோம்."

"திருப்பிக் குடுத்திருங்க சார்."

"கட்டினதைத் திருப்பித் தர சட்டத்துல இடம் இல்லை தவசிக்கண்ணு. அடுத்ததா, கட்டாத தெருவையெல்லாம் இன்னையிலேருந்து மூடணும். சாவியை எடுத்துக்கிட்டு ஜீப்புல ஏறுங்க."

தவசிக்கண்ணு சாவியை அந்த மேஜைமேல் வைத்தார். மேஜைக் கண்ணாடி விரிசல் விட்டது. பதினாறு வருட வேலை அந்தச் சத்தத்தோடு முடிந்தது. வெளியூரிலிருந்து ஆள் வரவழைத்து மறுநாளே தெருக்களை மூடினார்கள், தவசிக்கண்ணுவின் தெருவில் மட்டும் வால்வை விட்டுவிட்டு மற்ற வீடுகளின் இணைப்பை அடைத்தார்கள். ஊரில் எல்லாக் குழாயும் வறண்டு காற்றை ஊத, கட்டணம் கட்டப்பட்ட ஒரே வீடான தவசிக்கண்ணு வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் கட்டைவிரல் பருமனுக்குக் கொட்டிக்கொண்டே இருந்தது, எதையும் நனைக்காமல்.

மூன்றாம் நாளுக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. யாரும் அதிசயப்படவில்லை. மழை பெய்தால் குடை விரிப்பதைப் போல அதையும் எடுத்துக்கொண்டார்கள். மைதீன் பிச்சையின் டீக்கடையில் பேச்சு அதுவாகவே இருந்தது.

"சத்தியம்னா இப்படில்லா பலிக்கணும்" என்றார் மைதீன் பிச்சை.

"என் கல்யாணத்துல நான் பண்ணின சத்தியம் ஒண்ணுகூடப் பலிக்கலையே பாய்" என்றார் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

"நீரு பலிக்கிற மாதிரியா வே பண்ணியிருப்பீரு?"

சிரித்தார்கள். ஆனால் அன்று மாலையே ஒவ்வொருவரும் தத்தம் மனைவியிடம், காசு கட்டலாமா என்று முந்தைய வாரம் ரகசியமாகப் பேசிய பேச்சை இனி எடுக்கக் கூடாது என்று சொன்னார்கள். நாளாக நாளாக அது ஊரின் நடைமுறை ஆனது. விடியற்காலையில் பெண்கள் வாசல் தெளித்துவிட்டு உடனே உள்ளே போகாமல், மண் கறுத்ததைத் தெரு பார்க்கும்வரை வாளியோடு நின்றார்கள். துவைத்த துணியைக் கொல்லையில் காயப்போடுவதை விட்டுத் தெருப்பக்கம் சொட்டச் சொட்டக் காயப்போட்டார்கள். சவரக் கடையில் முதலில் தாடையில் தண்ணீர் தொட்டுப் பார்த்து, மயிர் பதிந்தால்தான் கத்தியை எடுத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் நகை நட்டைப் பற்றிக் கேட்கும் முன்னால், கால் கழுவிக்கொள்கிறோம் என்று சொல்லிக் கால் ஈரமாகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

ஈரத்துக்கு ஊர் கொடுத்த விலையும் சின்னதல்ல. மூன்று மைல் தள்ளி, கைவிட்ட கல்குவாரிப் பள்ளத்தில் பச்சை பூத்துக் கிடந்த தண்ணீரைச் சைக்கிளின் இரு பக்கமும் குடம் கட்டி எடுத்து வந்து, துணியில் வடிகட்டி, காய்ச்சிக் குடித்தார்கள். நடந்து நடந்து பெண்களின் பாதம் வெடித்தது. பாறையில் வழுக்கி ஒருத்தி இடுப்பை ஒடித்துக்கொண்டாள். மைதீன் பிச்சையின் மகள் வயிற்றுப் பேரன், பல் முளைக்காத பிள்ளை, வயிற்றுப்போக்கில் இரண்டே நாளில் போய்விட்டான். அவனைக் குளிப்பாட்டிய தண்ணீரும் அந்தக் குவாரித் தண்ணீர்தான். ஆனால் அது அவனை நனைத்தது.

தவசிக்கண்ணு வீட்டில் யாரும் சாகவில்லை. காய்ந்தார்கள். குவாரிக்குப் போய்க் குனிந்து குடித்தாலும் தண்ணீர் நாக்கின்மேல் உருண்டு இறங்கிப்போனது. மகளைப் பேருந்தில் ஏற்றிப் பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போய்ச் சோடா வாங்கிக் கொடுத்தார். அது பாட்டிலுக்குள் இருந்த கோலிக்குண்டைப் போலவே தொண்டைக்குள் போனது. இளநீர் வெட்டிக் கொடுத்தார், அதுவும் அப்படியே. சத்தியம் ஊர் எல்லையைப் பார்க்கவில்லை, உலையைப் பார்த்தது. பொரியும் கடலையும் தின்றார்கள். காசு போன உலையோடு யாரும் பேசக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, முறையிட வேண்டுமென்றால் குழு முன்னால் மட்டும் வரலாம் என்று லூர்தம்மாளே கட்டுப்பாடு போட்டிருந்தார். லூர்தம்மாள் ஒரு நாள் யாருக்கும் தெரியாமல், ஆவி பறக்கும் இட்லிகளை வாழையிலையில் சுற்றி வேலிக்கு மேலாக நீட்டினார். மாடத்தி அதை வாங்கி வாசற்படியைத் தாண்டும் முன்பே இலைக்குள் இட்லி உதிர்ந்து வெறும் மாவாகிவிட்டது.

மாடத்தியின் தோல் பனையோலை நிறத்துக்கு வந்தது. தவசிக்கண்ணுவின் குரல் கம்மி, தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் ஆனது. செவந்திதான் எல்லாரையும்விட வேகமாகக் காய்ந்தாள். தலை சீவினால் முடி சீப்புக்குள் ஒடிந்தது. உதடு வெடித்தது, ரத்தம் வரவில்லை. முதலில் பாடுவதை விட்டாள், பிறகு கதை கேட்பதை விட்டாள், பிறகு தேவையான சொற்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினாள். பத்தொன்பதாம் நாள் கோடைமழை பெய்தது. ஊரே பாத்திரங்களோடு தெருவில் இறங்கி ஆடியது. செவந்தி முற்றத்து நடுவில் வாயைத் திறந்து அண்ணாந்து நின்றாள். மழை அவள்மேல் கடலைப்பருப்பு கொட்டுவதைப் போலக் கொட்டித் தெறித்து ஓடியது. மழை விட்டபோது அவள் சட்டை காற்றில் படபடத்தது.

அன்று மாலை தவசிக்கண்ணு போராட்டக் குழுவின் முன்னால் போய் நின்றார். இட்லிக் கடை பெஞ்சுகளில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

"மயினி, நான் கட்டலை. அவங்களே பிடிச்சுட்டாங்க. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்லே" என்றார் லூர்தம்மாள். "நீ தப்புப் பண்ணலைன்னு ஊருக்கே தெரியும். வேலையை விட்டெறிஞ்சதும் தெரியும்."

"அப்போ சத்தியத்தை எடுத்திருங்க. அண்டாவை வையுங்க, எல்லாரும் ஒருதடவை வந்து இல்லைன்னு சொல்லிட்டாப் போதும்ல."

லூர்தம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சொல்லுதேன், கேட்டுக்கோ. ஆபீசுலேருந்து நேத்து ஆள் விட்டிருக்காங்க. கட்டணத்தைப் பத்தி மறுபடி யோசிக்கலாம்னு சொல்லுதாங்க. எதுக்குச் சொல்லுதாங்க? ஒரு ஆளும் கட்டலை, அதனால. எதுக்கு ஒரு ஆளும் கட்டலை? தினமும் காலையில உன் வாசலைப் பாக்காங்கள்லா, அதனால. இன்னைக்குச் சத்தியத்தை எடுத்தா நாளைக்குப் பாதி ஊரு அந்தக் கவுண்டர் முன்னால வரிசையில நிக்கும்."

"அப்போ என் வீடு காயணுமா?"

அடுப்பில் கொப்பரை சீறிக்கொண்டிருந்தது.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க" என்று மைதீன் பிச்சையைப் பார்த்தார் தவசிக்கண்ணு.

மைதீன் பிச்சை, "எடுத்திரலாம் தவசி" என்றார். "எடுத்திட்டா, என் பேரன் எதுக்குச் செத்தான்னு என் மவகிட்ட நீயே வந்து சொல்லிரு. என்னால முடியாது."

தவசிக்கண்ணு படியிறங்கும்போது லூர்தம்மாள் பின்னாலேயே வந்தார்.

"ஏலே, நில்லு. உங்க ரெண்டு பேரையும் விட முடியாது, ஊரு பாக்க அந்த வாசல் வேணும். புள்ளைய மட்டும் உலை மாத்திரலாம்."

உலை மாற்றுவது அந்த ஊரில் பழைய வழக்கம். பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை கொடுக்கும்போதும், சண்டை போட்டுப் பிரிகிற தம்பி மாமனார் வீட்டில் உண்ணப் போகும்போதும் அப்படிச் செய்வார்கள். ஊர் கூடிய இடத்தில் ஒரே ஒரு கேள்வி, 'நீ எந்த உலை?' போகிறவர் தன் வாயாலேயே புது உலையின் பெயரைச் சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்லக் கூடாது. சொன்னபின் பழைய உலையில் ஒரு பருக்கையும் தொடக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் இப்போது அந்தப் பழைய உலை ஊர் விலக்கிய உலை. அதோடு பேச்சும் கூடாது.

"என் உலைக்கு எடுத்துக்கிடுதேன்" என்றார் லூர்தம்மாள். "என் பேத்தி மாதிரி வச்சுக்கிடுவேன். உனக்கு அடுத்த வீடுதான், கண்ணால பாத்துக்கிடலாம்."

"பேசலாமா?"

"பேசக் கூடாதுலே. நான்தான் அந்தக் கட்டுப்பாட்டையே போட்டவ. நானே உடைச்சா?"

அன்று விளக்கு வைத்ததும் தவசிக்கண்ணு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். மாடத்தி அவளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எண்ணெய் மட்டும் இன்னும் அந்த வீட்டில் ஒட்டியது, அது தண்ணீர் இல்லை என்பதால்.

"நான் போனா நீங்க?" என்றாள் செவந்தி.

"நாங்க பெரியவங்க தாயி. தாங்குவோம்."

"எத்தனை நாள்?"

"ஊர் ஜெயிக்கிற வரைக்கும்."

"ஊர் ஜெயிச்சா சத்தியம் போயிருமா?"

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. தவசிக்கண்ணுவும் இப்போதுதான் யோசித்தார். ஊர் ஜெயித்தாலும் அவர் கட்டியது கட்டியதுதான். அவர் வாயெடுக்கும் முன்பே மாடத்தி முந்திக்கொண்டு, "போயிரும்" என்றாள்.

"வேலி வழியாக் கூப்பிடலாமா?"

"கூடாது."

"கை காட்டலாமா?"

மாடத்தி கணவனைப் பார்த்தாள். "யாரும் பாக்காதப்போ காட்டு" என்றார் அவர்.

செவந்தி, "நான் போகலைன்னா?" என்றாள். மாடத்தி அழுதாள். கண்ணீர் கன்னத்தில் ஒட்டாமல் உருண்டு போய்ப் பாயில் குண்டுமணிகளாகக் கிடந்தது. செவந்தி அவற்றை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, சந்தை கூடும் முன்பே, திடல் நிறைந்துவிட்டது. வேப்பமரத்தடியில் லூர்தம்மாள் ஒரு தட்டில் நான்கு இட்லியும், காய்ச்சி ஆறவைத்த குவாரித் தண்ணீர் ஒரு செம்பும் வைத்துக்கொண்டு நின்றார். செம்பின் வெளிப்பக்கம் நனைந்திருந்தது. எதிர்ப்பக்கம், ஊர் விலகி விட்ட வெற்றிடத்தில், தவசிக்கண்ணுவும் மாடத்தியும் நின்றார்கள். நடுவில் செவந்தி, ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த மஞ்சள் சட்டையில்.

அவள் சொல்லிவிட வேண்டும் என்று தவசிக்கண்ணு ஊரில் உள்ள மூன்று கோயிலையும் நினைத்து வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டுதலுக்கு நடுவில், அவள் சொல்லாமல் தன் பக்கம் ஓடி வந்துவிட மாட்டாளா என்று ஒரு நினைப்பு வந்து போயிற்று. வந்த நினைப்பை அவர் காலால் மிதிப்பதுபோல் மிதித்தார். மாடத்தி அவர் கையைப் பிடித்திருந்தாள். இரண்டு கையும் சருகுபோல் உரசிக்கொண்டன.

கூட்டத்தில் சில பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மைதீன் பிச்சை கடையை விட்டு வரவில்லை. யாரோ ஒருவர் தன் பிள்ளையிடம், "பாத்துக்கோ, காசு கட்டினா இதான்" என்றார். பக்கத்தில் இருந்தவர், "சும்மா இரும் வே, அந்தாளு எங்க கட்டினான்" என்றார். "நான் அதைச் சொல்லலை" என்றார் முதலாமவர்.

லூர்தம்மாள் செம்பைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். நீட்டியதில் தண்ணீர் தளும்பிக் கீழே சிந்தியது. மண் அதை உடனே குடித்துக் கறுத்தது. செவந்தி அந்தக் கறுப்பையே பார்த்தாள்.

"செவந்தி, நீ எந்த உலை?"

அவள் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது, சொல் வெளியே வரவில்லை.

"கேக்கலை" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "சத்தமாச் சொல்லச் சொல்லுங்க."

லூர்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் கேட்டார்.

"லூர்தம்மா உலை" என்றாள் செவந்தி, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி. செம்பை வாங்கிக் குடித்தாள். தண்ணீர் தாடையில் வழிந்து மஞ்சள் சட்டை நெஞ்சோடு ஒட்டியது. இன்னொரு செம்பு வேண்டும் என்றாள். கொடுத்தார்கள். அதையும் குடித்தாள்.